புளிச்சோற்று வீட்டுக்கு ஒரே இலை

எங்கள் ஊர் வீடுகளின் வாசலில் பஞ்சாயத்து எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வடை வீடு, சுண்டல் வீடு, தயிர்ச்சோற்று வீடு, சர்க்கரைப் பொங்கல் வீடு என்றுதான் சொல்வார்கள். “வடை வூட்ல ஒரு சாவு” என்று யாராவது வந்து சொன்னால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

எங்கள் வீடு புளிச்சோற்று வீடு. பள்ளிக்கூடத்தில் என் பெயர் “புளி”. என் வகுப்பிலேயே படித்த சித்தப்பா மகளுக்கும் அதே பெயர்தான். “டேய் புளி” என்றால் நான், “ஏய் புளி” என்றால் அவள். இதில் எங்களுக்கு வருத்தம் கிடையாது. சுண்டல் வீட்டுப் பையனை விட நாங்கள் ஒரு படி மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பெயர்கள் எல்லாம் எப்படி வந்தன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், ஒவ்வொரு வருடமும் புரட்டாசி கடைசி சனிக்கிழமை பஜனைக் கோயில் முன்னால் ஊர்த் தளிகை நடக்கும். பந்தல் போட்டு, நீளமாக வாழையிலைகளை வரிசையாக விரிப்பார்கள். பழைய வீடுகள் ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசையில் ஓர் இலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதார்த்தம். ஒரு வீட்டுப் பதார்த்தத்தை இன்னொரு வீடு அன்றைக்குச் செய்யக் கூடாது. பூசாரி வீட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அந்த வீட்டுப் பிள்ளை பாத்திரத்தைத் தலையில் சுமந்து வந்து இலையில் இறக்கும். எல்லாம் வந்து சேர்ந்ததும் தீபாராதனை. அதற்குப் பிறகு ஊரே உட்கார்ந்து சாப்பிடும். வாழையிலை மட்டும் மாதா கோயில் தெருத் தோப்பிலிருந்து வரும். அந்தக் குடும்பத்துக்கு ‘எலை வூடு’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போவார்கள், தளிகைச் சனிக்கிழமை முதல் பந்தியில் உட்காருவார்கள்.

பாத்திரம் சுமக்கும் பிள்ளைக்குச் சில விதிகள் உண்டு. குளித்து, நெற்றியில் நாமம் போட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்கக் கூடாது. வழியில் பாத்திரம் தரையில் படக் கூடாது. எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் நான், ஒரு வருடம் சித்தப்பா மகள் என்று மாற்றி மாற்றிச் சுமந்தோம். முதல் இலை சர்க்கரைப் பொங்கல், இரண்டாவது சுண்டல், மூன்றாவது நாங்கள்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம் ஆவணியில் எங்கள் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் வந்தது.

ஏன் வந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பயிர் வைப்பவர். சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேச்சில் மோட்டார், ஓ.டி., ரோட்டோரத்துத் துண்டு என்று சில சொற்கள் அடிக்கடி வந்தன. அவற்றை எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு சுவர் வரவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முற்றத்தில் செங்கல் இடுப்பளவு ஏறியிருந்தது. இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். அந்தப் பக்கம் சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள். இனி அந்தப் பக்கத்தாரோடு பேசக் கூடாது என்றார்கள்.

பேசக் கூடாது என்றால் எப்படி? பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு பையன்தான் உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். பக்கத்தில் இருக்கும் பொருளிடம் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை அல்லவா? அவள் கரும்பலகையைப் பார்த்து, “பலகையே, கணக்கு போட்டுட்டியான்னு அவனைக் கேளு” என்பாள். நான் ஜன்னலைப் பார்த்து, “ரெண்டாவது கணக்கு வரலன்னு சொல்லு” என்பேன்.

சுவர் எழும்பியபோது பெரியவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். எருமை எங்களுக்கு, சைக்கிள் அவர்களுக்கு. மரப்பெட்டி எங்களுக்கு, தளிகைச் சோறு வைக்கும் பெரிய பித்தளைத் தவலை அவர்களுக்கு. புளிச்சோறு யாருக்கு என்பது மட்டும் அப்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

புரட்டாசி பிறந்ததும் வந்தது.

“மூத்தவன் நானு. பேரு நம்புளுதுதான்” என்றார் அப்பா. அம்மாவிடம் சொல்வது போல இருந்தாலும் முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

“அவ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கையாலதான் காய்ச்சிக்கினு இருந்தேன்” என்று அம்மாவும் சுவரிடமே சொன்னாள்.

சுவர் பதில் சொன்னது, சித்தப்பா குரலில். “தவல எங்க கீதோ அதாம்மே புளிச்சோத்து வூடு. கைய எங்க வேணா வெச்சிக்கினு போவட்டும்.”

பூசாரியிடம் அப்பா தனியாகப் போய்க் கேட்டார். சித்தப்பாவும் தனியாகப் போய்க் கேட்டார். பூசாரி யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். இருவரிடமும் “பாத்துக்கலாம்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குள்ளே ஒரு பயம் புகுந்துகொண்டது. ஒரு பெயர், ஓர் இலை. பூசாரி கூப்பிடும்போது எந்தப் பாத்திரம் மூன்றாவது இலையில் உட்காருகிறதோ அந்த வீடுதான் இனிமேல் புளிச்சோற்று வீடு. அப்படியானால் மற்ற வீட்டுக்கு என்ன பெயர்? பெயரே இல்லாத வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள்? இதை அம்மாவிடம் கேட்டேன். “நம்ம பேரு எங்கயும் போவாது, போய்ப் படி” என்றாள். அப்படியானால் சித்தப்பா மகளின் பெயர் போய்விடுமே என்று நினைத்தேன். அவள் பெயர் போனால் அவளை யாரென்று நான் ஜன்னலிடம் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை காலை சுவரின் இரண்டு பக்கமும் புளி கொதித்தது. அம்மா எப்போதும் போல வறுத்த வேர்க்கடலை போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து கறுப்புக் கொண்டைக்கடலை வெந்த வாசனை வந்தது. சித்தி பிறந்த ஊர்ப் பக்குவம் அது. இத்தனை வருடமும் அம்மா அதைப் போட விட்டதில்லை. அம்மா மூக்கை உறிஞ்சி, “பண்ணட்டும், பண்ணட்டும். மாட்டுக்கு வெக்கிறாப்புல கீது” என்றாள்.

எங்களிடம் தவலை இல்லாததால் அலுமினியக் குண்டானில் சோற்றைப் போட்டு மூடி, சும்மாடு வைத்து என் தலையில் ஏற்றினார்கள். அப்பா குனிந்து என் காதில் சொன்னார். “ரோட்டு வழியா போவாத. களத்துப் பக்கமா பூந்து கோயில் கெணத்தாண்ட போய் நில்லு. பூசாரி கூப்பிட்டதும் அவ வர்றதுக்கு முன்னாடி வெச்சிடு. இன்னா?”

நான் களத்துப் பக்கமாகப் புகுந்து போனேன். கிணற்றடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள், தலையில் பித்தளைத் தவலையோடு. அப்பாவும் சித்தப்பாவும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது இதே வழியில்தானே சேர்ந்து ஓடியிருப்பார்கள்! எனக்கு அப்போது அது தோன்றவில்லை. எங்கள் ரகசிய வழி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற ஆத்திரம்தான் வந்தது.

கிணற்றடியில் யாருடைய கன்றுக்குட்டியோ கட்டியிருந்தது.

“கன்னுக்குட்டி, அவன் இன்னாத்துக்கு இங்க வந்தான்னு கேளு” என்றாள்.

“கன்னுக்குட்டி, இது எங்கப்பா சொன்ன வழின்னு சொல்லு.”

“எங்கப்பாவும்தான் சொன்னாரு.”

“எங்கப்பாதான் மூத்தவரு. அவருக்குத்தான் மொதல்ல தெரியும்.”

கன்றுக்குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குக் கழுத்து வலித்தது. அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்திருக்க வேண்டும், பித்தளை கனம். கால் மாற்றி மாற்றி நின்றாள். கிணற்றுப் பக்கத்தில் துணி துவைக்கும் கல் இருந்தது.

“கல்லு தரையா, கன்னுக்குட்டி?” என்றாள்.

நான் யோசித்தேன். “கல்லு கல்லுதான். தரை வேற.”

இரண்டு பாத்திரங்களையும் கல்லின் மேல் இறக்கினோம். காலையிலிருந்து பட்டினி. மூடியைத் திறந்து அவள் வாசனை பார்த்தாள். நானும் என் மூடியைத் திறந்தேன். தவலை பெரியது, சோறு பாதிதான் இருந்தது. பந்தலில் பூசாரி முதல் வீட்டைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. “சக்கரப் பொங்க வூடு!”

அடுத்து சுண்டல். அதற்கடுத்து நாங்கள்.

“நீ வுட்டுக்குடேன்” என்றேன்.

“எங்கப்பா தோல உரிச்சிடுவாரு. நீ வுட்டுக்குடு.”

“எங்கப்பா மட்டும்?”

ஒரே இலை. இரண்டு பாத்திரம். ஒன்றில் பாதி இடம் காலி. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமான கணக்கே இல்லை. இதை முதலில் சொன்னது யார் என்பதில் அவளுக்கும் எனக்கும் இன்று வரை ஒத்துப்போகவில்லை. ஆனால் “கொட்டு, சீக்கிரம்” என்று அவள் சொன்னது கன்றுக்குட்டியிடம் இல்லை, நேராக என்னிடம். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கொட்டினேன். தவலை கழுத்து வரை நிரம்பியது. இப்போது அவளால் அதைத் தூக்க முடியவில்லை; என்னாலும் முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். காலிக் குண்டானை எங்கே வைப்பது? தரையில் வைக்கக் கூடாதே என்று என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

“புளிச்சோத்து வூடு!” என்று பூசாரி கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, என்ன நடக்குமோ என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். பிறகு ஊரில் சொன்னார்கள்.

நாங்கள் பக்கவாட்டில் நண்டு போல நடந்து வந்து தவலையை மூன்றாவது இலையில் இறக்கினோம். ஊர் என் தலையைப் பார்த்துச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. வந்தது தவலை, கூடத் தூக்கி வந்தது தன் பிள்ளை. அவர் முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

“எங்கடா நம்ம சோறு?”

நான் தவலையைக் காட்டினேன்.

“அண்ணன் புள்ளையே தூக்கிக்கினு வந்து வெச்சிட்டான். அப்புறம் இன்னா பேச்சு?” என்று சித்தப்பா ஊரைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா மூடியைத் திறந்தார். மேலே வேர்க்கடலை. “பாத்துக்குங்கபா! தவல யாருதா வேணா இருக்கட்டும். சோறு என் வூட்டுச் சோறு!”

“கரண்டிய அடி வரைக்கும் உட்டுப் பாக்கச் சொல்லுங்க!” என்றார் சித்தப்பா.

பூசாரி கரண்டியை விட்டார். கொண்டைக்கடலை வந்தது. மறுபடி விட்டார். இரண்டும் வந்தன.

“பிரிச்சு எடு” என்றார் அப்பா. “எங்குளுத எங்குளுக்குக் குடுத்துடு.”

“எங்குளுத மொதல்ல பிரிச்சுடு” என்றார் சித்தப்பா.

வடை வீட்டுப் பெரியவர் தன் முறைக்காகப் பின்னால் காத்திருந்தார். அவர் பொறுமை போய்விட்டது. “டேய், கோழிய வுட்டாத்தான்டா இதப் பொறுக்கிப் பிரிக்கும். எங்க வடை ஆறிப்போவுது, ஆவற வேலையப் பாருங்கடா!”

ஊர் மறுபடி சிரித்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் சித்தியைப் பார்த்தாள். இருவரும் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. இலை ஒன்று, பாத்திரம் ஒன்று, இரண்டு வீட்டுச் சோறும் அதில் இருக்கிறது. கணக்கு சரியாகத்தானே வந்தது? அப்பாவும் சித்தப்பாவும் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: “சாமி பசியோட கீறாருப்பா. இந்த வருசம் இப்பிடியே போவட்டும். வர்ற வருசத்துலருந்து ரெண்டு எலை போட்டுடறேன். பெரிய புளிச்சோத்து வூடு, சின்ன புளிச்சோத்து வூடு. சம்மதமா?”

“சரி” என்றார் அப்பா.

“சரி” என்றார் சித்தப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஆவணியிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. எனக்கு ஒரே பெருமை. நாங்கள் கொட்டியதால்தானே இது நடந்தது?

தீபாராதனை ஆயிற்று. கோவிந்தா போட்டார்கள். பந்தி உட்கார்ந்தது. அவரவர் வீட்டுப் பதார்த்தத்தை அவரவர் வீட்டுப் பெண்கள்தான் பரிமாற வேண்டும். தவலைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி. கரண்டி ஒன்றுதான் இருந்தது. பேசவும் முடியாது, பேசாமலும் முடியாது. நடுவில் நான் அகப்பட்டேன்.

“தவலையக் கொஞ்சம் சாச்சுப் புடிக்கச் சொல்லுடா” என்றாள் அம்மா.

“இந்த அளவு போதுமான்னு கேளுடா” என்றாள் சித்தி.

இருவரும் ஒரு முழ தூரத்தில் நிற்கிறார்கள். நான் அம்மா சொன்னதைச் சித்தியிடமும் சித்தி சொன்னதை அம்மாவிடமும் திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு நான்தான் கன்றுக்குட்டி.

சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “இன்னா மாமா இது, ஒரு வாயில வேர்க்கல்ல மாட்டுது, அடுத்த வாயில கொண்டக்கல்ல மாட்டுது!” என்று எலை வீட்டு அண்ணன் இரண்டாம் முறை கையை நீட்டினார். வடை வீட்டுப் பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “வருசா வருசம் சண்ட போடுங்கடா, சோறு நல்லா கீது” என்றார். மூன்றாவது பந்தி உட்காரும் முன்னாலேயே தவலை காலி. பெரிய பந்தலில் முதலில் தீர்ந்தது எங்கள் இலைதான். சித்தி கரண்டியால் அடியைச் சுரண்டி, ஒரு கவளம் தேறியதை எடுத்து, என்னிடம் நீட்டினாள். எனக்குத்தான் என்று வாயைத் திறந்தேன். “ஒங்கம்மாகிட்ட குடுடா. அவங்க காலையிலருந்து ஒண்ணும் துன்னல” என்றாள். அம்மா அதை வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என் கையில் வைத்து அந்தப் பக்கம் காட்டினாள். அந்தத் தவலையில் எனக்கு ஒரு பருக்கை கூடக் கிடைக்கவில்லை. ஆனால் வடையும் சுண்டலும் பொங்கலும் வயிறு கொள்ளாத அளவுக்குத் தின்றேன், சட்டைப்பையிலும் நாலு வடை போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் ஓர் அடி வாங்கினேன். சாயங்காலம் கிணற்றடியில் சித்தப்பாவிடம் மாட்டி இன்னோர் அடி வாங்கினேன். அவளுக்கும் அவள் அப்பாவிடம் ஒன்று, என் அப்பாவிடம் ஒன்று. சுவர் எழும்பிய பிறகு இரண்டு வீடும் எங்கள் இருவருக்கும் சரிசமமாகக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் புரட்டாசி வந்தது. பூசாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மூன்றாவது இலை, அதை ஒட்டி இன்னோர் இலை. வடை வீடு ஓர் இடம் தள்ளிப் போனதில் அந்தப் பெரியவருக்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு. அந்தக் காலையில் யாரும் சுவரைப் பார்த்துப் பேசவில்லை. அப்பா என் காதில் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரோட்டு வழியாகவே மெதுவாகப் போனேன். “பெரிய புளிச்சோத்து வூடு!” என்றார் பூசாரி. நான் போய் வைத்தேன். “சின்ன புளிச்சோத்து வூடு!” என்றார். அவள் போய் வைத்தாள். சித்தப்பா ஷிப்ட் முடிந்து தாமதமாகத்தான் வந்தார். அப்பா அவர் வந்ததைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மா எங்கள் சோற்றைப் பரிமாறினாள், சித்தி அவர்கள் சோற்றைப் பரிமாறினாள். இரண்டு கரண்டி இருந்தது. இதைச் சொல்லு, அதைக் கேளு என்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் சும்மா நின்றேன்.

எனக்கு ஒரே சந்தோஷம். இருவருக்கும் பெயர் கிடைத்துவிட்டது, இருவருக்கும் இலை கிடைத்துவிட்டது. பந்தி முடிந்து குண்டானில் மிஞ்சிய சோற்றை அம்மா மூடிக்கொண்டிருந்தபோது அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“இந்த வருசம் சண்டையே இல்ல, பாத்தியாம்மா?”

அம்மா பக்கத்து இலையைப் பார்த்தாள். சித்தி தவலையை எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டிருந்தாள்.

“ஆமாண்டா” என்றாள். “இனிமே வராது.”

இவ்வளவு நல்ல செய்தியை இவள் ஏன், யாரோ ஊரை விட்டே போய்விட்டதைச் சொல்வது போலச் சொல்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.